பீச்சாங்கை முடிச்சு

12.11.1983, சனி

பேச்சியக்கா இன்று வந்து பூவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் மகள் செல்வி ஏலக்காய் பறிக்கப் போன ஜீப், குரங்கணி வளைவில் கவிழ்ந்தது. செல்வி பிழைக்கவில்லை. அன்று காலை செல்வி கட்டி வைத்துவிட்டுப் போன கனகாம்பரச் சரத்தைத்தான் அக்கா என்னிடம் கொண்டுவந்தாள்.

"கண்ணாடிக்குள்ள இருக்க மாதிரி செய்வீகளாமே டீச்சர். பதினாறாம் நாளுக்குள்ள குடுத்துருங்க."

பூவை மணலில் புதைத்துப் பத்து நாளாவது காயவிட வேண்டும். அடைமழை. பொறுக்காமல் ஆறாம் நாளே, கண்ணாடி மாதிரி இறுகும் ரெசினை ஊற்றினேன். ஈரம் காயாத சரம் உள்ளுக்குள்ளேயே கறுத்துவிட்டது. சொல்லத் துணியவில்லை. கடையில் வேறு கனகாம்பரம் வாங்கி, நானே கட்டி, சூடான மணலில் காயவைத்து, புதிதாக ஊற்றினேன்.

அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"சாமிக்குப் போற பூவ பீச்சாங்கையால கட்டாதடின்னு எம்புட்டு வைவேன். கேக்கவே மாட்டா. கடேசிச் சரத்த சோத்தாங்கையால கட்டிருக்கா பாருங்க டீச்சர்."

"ஆமாக்கா" என்றேன். தெரிந்து சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா?

கறுத்த சரம் இதோ விளக்கடியில் இருக்கிறது. முடிச்சுகள் எல்லாம் இடக்கை முடிச்சுகள். நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். சற்று முன் நாரை எடுத்து அதே மாதிரி கட்டிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பூக்கட்டுகிறேன், இடக்கையால் ஒரு தடவைகூட வந்ததில்லை. இன்று நாலு முடிச்சும், கட்டுவது என் கை இல்லை என்பது போல, தடுமாறாமல் விழுந்தன.

ஐந்தாவதைப் போடப் பயமாக இருக்கிறது.