கடைசிக் கட்டத்துக் கங்காணி

செமோர்,
14.3.1988

அன்பு மகள் பிலோமினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே ஓசாக்காவில் நீயும் குளிரில் விறைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அம்மா, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உன் படங்கள் முதலில் வந்தன, கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்தது, நடுவில் நடந்த கூத்துக்கு நான் பொறுப்பில்லை. கட்டம் போட்ட தாளில் ரப்பர் மரங்களை நிரை நிரையாக வரைந்து, இந்தக் கோடியில் பெட்டியோடு ஒரு சின்னப் பெண்ணையும் அந்தக் கோடியில் தோட்டத்துக் கேட்டையும் போட்டிருந்தாய். இன்னொரு தாளில் ஒரே ஆளை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று தரம் நிறுத்தியிருந்தாய். அரைக்கால் சட்டை, முறுக்கு மீசை, டார்ச் லைட், தொப்பை. அம்மா பார்த்தவுடன், ஐயோ, போலீசுல பிடிச்சவங்களைத்தான் இப்படி மூணு பக்கமும் எடுப்பாங்க, என்னா செஞ்சீங்க நீங்க என்று என் மேலேயே பாய்ந்தாள். முப்பத்தொரு வருசம் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பேர் கூப்பிட்டு ஆள் எண்ணிய கங்காணிக்கு இந்தப் பேச்சு. தோட்டத்தில் என் கீழே ரப்பர்ப் பால் வெட்டிய அப்பாவு கட்டத்தைப் பார்த்துவிட்டு, அண்ணே, இது தாயம் மாதிரி ஆடுறதுலா, பாப்பா நமக்குப் பொழுதுபோக அனுப்பியிருக்கு என்றான். நானும் நம்பிவிட்டேன். ரப்பர் கொட்டையைக் காயாக வைத்து, சோழி உருட்டி, கோப்பிக் கடையில் நாலு நாள் ஆடினோம். பெண்ணை அவன் நகர்த்தினான், கங்காணியை நான். சட்டம் எதுவும் நீ எழுதவில்லை, அதனால் நானே போட்டேன், கங்காணிக்கு நேராக வந்தால் திரும்ப முதல் மரம். நாலு நாளில் ஒரு தரம்கூட அப்பாவு கேட்டைத் தொடவில்லை. தோட்டத்துலதான் உங்ககிட்ட லீவு கிடைக்கல, இங்கயுமா என்று கோபித்துக்கொண்டு, வாங்கிய கோப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

பிறகுதான் உன் கடிதம் வந்தது. இது டிவியில் ஆடும் விளையாட்டு, அதைச் செய்வதற்கு முன்னால் ஆளும் இடமும் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டுவதுதான் உன் வேலை, கங்காணிதான் கடைசிக் கட்டத்து வில்லன், உங்களுக்கு வருத்தம் என்றால் மாத முடிவுக்குள் எழுதுங்கள், வேறு ஆளை வரைந்துவிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். வருத்தம்தான். பெற்ற மகளுக்கு நான் வில்லனா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவோ, வேற யாரு, பிள்ளை படம் வரையப் படிக்கப் போறேன்னு பெட்டியோட நின்னப்ப கேட்டுல சைக்கிளைக் குறுக்கப் போட்டது நீங்கதானே, நான்தானே அதைத் தூக்கி ஓரமா வச்சேன் என்கிறாள். எட்டு வருசமாக இதையே சொல்கிறாள், இன்னும் சலிக்கவில்லை.

நேற்று அவள் பூசைக்குப் போன பிறகு தாளை விரித்து, இந்தத் தரம் பெண்ணை நான் நகர்த்தினேன். கங்காணியை நகர்த்த ஆள் இல்லை, அவன் கேட்டிலேயே நின்றான். மரத்துக்கு மரம் ஒளிந்து ஒளிந்து கிட்டே போனால், அவ்வளவு சின்னப் பெண்ணுக்கு முன்னால் அவ்வளவு பெரிய ஆள். கடைசி மரத்துக்குப் பின்னாலேயே காயை நிறுத்திவிட்டேன். பத்தொன்பது வயதில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது மகளே.

அதனால் வேறு ஆளைத் தேடாதே, நானே இருக்கிறேன். ஆனால் சிலது தப்பு. டார்ச் என் இடது கையில் இருக்கும், வலது கையில் பேர்ப் புத்தகம். சட்டையில் இஸ்திரி மடிப்பு காணோம். தொப்பை வேலையை விட்ட பிறகு வந்தது, அதை எடுத்துவிடு. ஒரே அடியில் விழுகிற மாதிரியும் செய்துவிடாதே, அப்பாவு கேட்டால் ஊர் முழுக்கச் சொல்லுவான்.

ஆண்டவரும் மாதாவும் உன் கைக்கும் கண்ணுக்கும் துணை இருக்கட்டும். அம்மா நெத்திலிச் சம்பல் கப்பலில் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் எழுது. கடைசியாக ஒன்று, உன் ஆபீஸ் பெரியவர்களிடம் மறக்காமல் கேள். அந்தப் பெண் கேட்டுக்கு வந்ததும் கங்காணி வாங்க வேண்டிய அடியை வாங்கிக்கொள்ளட்டும். பிறகு சைக்கிளை அவன் கையாலேயே ஓரமாக எடுத்து வைத்து, கேட்டைத் திறந்துவிட்டு, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடப் போகட்டும். அன்றைக்கு நான் போகவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆம்புரோஸ்