டி-யைக் காணோம்

மார்ச் 3, செவ்வாய்

டி-யைக் காணோம்.

கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் சி டிரைவ் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது, கூட வந்த ஆளைக் கூட்டத்தில் தொலைத்த மாதிரி. நேற்று சாயந்திரம்கூட அதன் பக்கத்தில் டி இருந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். எங்கள் மிக்ஸி இதற்கெல்லாம் பயப்படும். இது பயப்படவில்லை.

மகளுக்குப் போன் போட வேண்டும். அந்த இரண்டாவது ஹார்டு டிஸ்க்கை வாங்கி உள்ளே மாட்டியவள் அவள்தான்.

மனைவியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவளுக்குத் தெரியாமல்தானே அதைத் திறந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 4, புதன்

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே புரியவில்லை. பேச்சுப் பயிற்சி டீச்சரம்மா பார்த்தால் திட்டுவார். ஒழுங்காக எழுதுகிறேன்.

நான் பெயின்டர். சுவரில் எழுத்தை அழிக்கிற வேலை. எழுதுகிற வேலைக்கும் எனக்கும் நாலாம் வகுப்போடு தகராறு முடிந்துவிட்டது. இப்போது ஐம்பத்திரண்டு வயதில் நோட்டும் பேனாவுமாக உட்கார வைத்தது டீச்சரம்மாதான். "உங்க வீட்டம்மா இனிமே எழுதித்தான் பேசுவாங்க. நீங்க எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க கோவமே ஆறிப்போயிடும். தினமும் நாலு வரி எழுதுங்க, படிக்கிறது தானா வேகமாகும்" என்றார். கோபம் ஆறினால் நல்லதுதானே டீச்சர் என்றேன். அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த மனைவி சிரிக்கவில்லை.

அவளுக்குத் தொண்டையில் கட்டி. ஆறு மாதத்துக்கு முன் குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சு அதன் வழியாக. அதன் மேல் ஒரு மெல்லிய துணி கட்டியிருக்கிறாள். டாக்சிக் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை பார்த்தவள். ஊரில் உள்ள டிரைவர் அத்தனை பேருக்கும் அவள் குரல் தெரியும், பாதிப் பேருக்கு முகம் தெரியாது.

ஆபரேஷனுக்கு முன்னால் மகள் வந்து ஒரு மைக்கை வைத்து, "பேசும்மா, எதையாவது பேசு" என்று சொல்லிவிட்டுப் பதிவு செய்தாள். அது அத்தனையும் டி-யில் இருந்தது.

மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போகும் நேரமாகப் பார்த்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். அவ்வளவுதான். தினமும் இல்லை. சரி, தினமும்தான்.

மார்ச் 5, வியாழன்

மகள் போனில் சொல்லச் சொல்ல, நான் எலியைப் பிடித்துக்கொண்டு திரையெல்லாம் ஓடினேன்.

"டிஸ்க் ஒண்ணுன்னு ஒரு கட்டம் வருதாப்பா?"

"சைபர்னு ஒரு கட்டம் வருது."

"அது சி. அதுக்குக் கீழ?"

"கீழ வெள்ளையா இருக்கு. நல்ல வெள்ளை. ரெண்டு கோட் அடிச்ச மாதிரி."

"அப்பா, வெளையாடாதீங்க. எழுத்து மட்டும் போயிருந்தா கட்டமாவது தெரியும், வேற எழுத்து குடுத்துடலாம். இங்க கட்டமே இல்லைன்னா, உள்ள ஒரு டிஸ்க் இருக்குங்கறதே கம்ப்யூட்டருக்குத் தெரியல."

பிறகு அவளே அழ ஆரம்பித்தாள். இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாளாம், ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்து அம்மா குரல் வந்ததும் கை ஓடாமல் மூடிவிட்டாளாம்.

"விடு கண்ணு, ரிப்பேருக்குக் கொண்டுபோறேன்" என்றேன். எனக்கும் தொண்டை அடைத்தது. வீட்டில் யாருக்காவது தொண்டை ஒழுங்காக இருக்கிறதா பாருங்கள்.

மார்ச் 6, வெள்ளி

இல்லை. இன்றும் போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

டீச்சரம்மா கொடுத்த பேசும் மிஷினை அவள் இன்று முதல் முறையாக வெளியே எடுத்தாள். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தால் அது பேசும். சமையலறை வாசலில் நின்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பழகினாள். பிறகு திரும்பி, "தண்ணி வேணுமா?" என்றாள்.

தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம். பழைய நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். வாய் வரைக்கும் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா. நெஜமாவே நல்லா இருக்கு" என்றேன்.

என்னையே பார்த்தாள். மிஷினை அதன் டப்பாவில் வைத்து, டப்பாவை அலமாரி மேல்தட்டில் வைத்து, தண்ணீரை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

நல்லா இருக்கு என்றுதானே சொன்னேன்?

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது மாடிக்காரர் வீட்டில் சீலிங் வேலை. வீட்டுக்காரரையும் அவர் மாமியாரையும் வம்பிழுத்து நாள் முழுக்கச் சிரிப்பு. "உங்க வீட்டுல எப்பவும் கலகலன்னு இருக்குமே!" என்றார் அந்த மாமியார்.

ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் பலகையில் அவள் பேனா ஓடும் கீச் சத்தம் மட்டும்தான். எழுதிக் காட்டுகிறாள். நான் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டி மூன்றாவது வார்த்தைக்குப் போவதற்குள் பொறுமை போய்த் துடைத்துவிடுகிறாள். "இன்னொரு தடவை எழுதுங்கம்மா" என்றால் உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுந்து போகிறாள்.

டி இருந்தாலாவது.

மார்ச் 12, வியாழன்

பெட்டியைப் பெயின்ட் துணியில் சுற்றி ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தடித்த மனிதர், ஜலதோஷம். தும்மலுக்கு நடுவே வேலை செய்தார்.

"ஸ்க்ரூ தலையில என்னண்ணே நீலமா?"

"பெயின்டர் வீட்டுப் பெட்டி. உங்க வீட்டுப் பெட்டியில சளி இருக்கிற மாதிரி."

சிரித்து, சிரிப்பில் தும்மி, மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தவர், "அட" என்றார்.

"என்ன, போச்சா?"

"டிஸ்க்கு நல்லா இருக்கண்ணே, உயிர் இருக்கு. தொட்டுப் பாருங்க, சுத்துது. ரெண்டு வயர் வேணும் இதுக்கு. ஒண்ணு கரண்டுக்கு, அது இருக்கு. இன்னொண்ணு உள்ள இருக்கிறத வெளிய சொல்றதுக்கு. அதைக் காணோம். கழண்டிருந்தா உள்ளயே கெடக்கும். இது இல்லவே இல்லை. யாரோ எடுத்திருக்காங்க."

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆளுக்கு ஒண்ணுமில்லை. எல்லாம் உள்ள அப்படியே இருக்கு. பேசத்தான் வழியில்லை."

நான் அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியும். இருந்தாலும்.

புது வயர் ஒன்றை மாட்டினார். டி வந்தது. "வேலை செய்யுதான்னு பாப்போம்" என்று நான் தடுப்பதற்குள் ஒன்றைத் தட்டிவிட்டார். கடையின் பெரிய ஸ்பீக்கரில், நாலு பேர் நிற்கும்போது, அவள் குரல்:

"இதோ வந்துட்டாரு என் வீட்டுக்காரர். என்னங்க, அந்த மூலை விட்டுப் போச்சு பாருங்க. ஊர் சுவரெல்லாம் பளபளன்னு அடிக்கிறீங்க, சொந்த வீட்டுல கண்ணைக் கழட்டி டப்பாக்குள்ள போட்டுடுவீங்களோ?"

பின்னால் என் குரல்: "எந்த மூலைடி?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். "வீட்டம்மாவா? நல்ல வாய்ண்ணே!" என்றார் கடைக்காரர்.

"ஆமா, பெரிய வாய்" என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

அந்த நீலம்.

ஸ்க்ரூ தலையில் இருந்தது போன மாதம் கடைசியில் பல் டாக்டர் கிளினிக்குக்காக நான் கலந்த நீலம். கையால் கலந்தது, வேறு எங்கும் கிடையாது. டப்பா மூடியை நெம்பியது என் பையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரால். அந்த ஸ்க்ரூ டிரைவரால் நான் பெட்டியைத் திறக்கவில்லை.

வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

மகள் டிஸ்க்கை மாட்டிய அன்று இவள் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்தச் செவப்பு வயர் வழியாத்தாம்மா எல்லாம் வரும்" என்று மகள் சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

ஏன்? தன் குரலையே ஏன்?

பெட்டியை மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கனெக்ஷன் கொடுக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள்.

மார்ச் 14, சனி

கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். "நீங்களாம்மா அந்த வயரை எடுத்தீங்க? எடுத்தா பரவாயில்லைம்மா, சும்மாதான் கேக்குறேன்."

போய்த் தையல் டப்பாவைக் கொண்டுவந்தாள். நூல் கண்டுகளுக்கு அடியில் சிவப்பு வயர், ஒழுங்காகச் சுருட்டி, ஊசி குத்தி வைத்திருந்தாள். மேசையில் போட்டாள். பலகையை எடுத்து, நான் இதுவரை பார்க்காத வேகத்தில் எழுதினாள். நீட்டினாள். இந்தத் தடவை துடைக்கவில்லை. நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் நின்றாள்.

"நான் மாடியில நிக்கிறேன். கீழே என் குரல் கேக்குது. நீங்க அதுகூட சிரிக்கிறீங்க. நான் செத்துட்டேனா?"

படித்து முடித்தேன். பிடுங்கி, துடைத்து, மறுபடி எழுதினாள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்லேருந்து வாங்கம்மா போங்கம்மா. நான் யாரு, பேங்க் மேனேஜரா? உங்க டி-யை எடுத்தது நான். என் டி-யை எடுத்தது யாரு?"

நான் மடையன். படித்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்ல..." என்று ஆரம்பித்தேன். பாதியில்தான் உறைத்தது.

டி.

என்னடி. வாடி. போடி. எந்த மூலைடி.

முப்பது வருஷம் அப்படித்தானே கூப்பிட்டேன். எப்ப விட்டேன்? நான் விடணும்னு நெனக்கலையே. கழுத்துல ஓட்டையோட வந்து படுத்திருந்தா. தொட்டா ஒடஞ்சுடுவான்னு பயம். நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது சொல்லுவா, அதுக்குத்தானே நான் வம்பிழுக்கிறதே. திருப்பிக் குடுக்க முடியாத ஆளை எப்படி வம்பிழுக்கிறது? மரியாதை குடுத்தேன். மரியாதைன்னுதான் நெனச்சேன். அன்னிக்கு மிஷின்ல பேசினப்பவும்... அவ என்ன கேக்கணும்னு காத்துக்கிட்டிருந்தாளோ.

இன்று "டி" போட்டுக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவளுக்குக்கூட அவ்வளவு மோசமில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அழுகைதான் வருகிறது.

மார்ச் 22, ஞாயிறு

அவள் பலகையில் எழுதினாள்: "டிஸ்க்கை அவளுக்கு அனுப்பிடுங்க. அம்மா குரல் பிள்ளைக்கு வேணும். உங்களுக்கு நான் இருக்கேன்."

நானே கழற்றினேன், அந்த நீல முனை ஸ்க்ரூ டிரைவரால். அவள் டார்ச் பிடித்தாள். என் துண்டு ஒன்றில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கூரியரில் கொடுத்தேன். கொடுக்கும்போது கை விடவில்லை. கூரியர் பெண் இழுத்துத்தான் வாங்கினாள்.

ஒரு தடவை கடைசியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, மனசுக்குள் அந்தக் குரலை ஓட்டிப் பார்த்தேன். இன்றைக்கு வருகிறது. எத்தனை நாளைக்கு வருமோ.

மார்ச் 29, ஞாயிறு

பலகையில் ஒரு முழு வரி. விரல் வைக்காமல் படித்துவிட்டேன். சோப்பு வாங்கச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். என் விரலைப் பார்த்துவிட்டு இன்னொரு வரி எழுதினாள்: "பாஸ்."

ஏப்ரல் 5, ஞாயிறு

வேலை இல்லை. படுக்கையறைச் சுவரை எடுத்துக்கொண்டேன், மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிலை நடுவே தள்ளி, ரோலரை நனைத்து, ஜன்னல் பக்கமிருந்து அடித்துக்கொண்டு வந்தேன்.

பின்னால் அலமாரி திறக்கும் சத்தம். மேல்தட்டு டப்பா. நான் திரும்பவில்லை.

வண்டு சத்தம்.

"அந்த... மூலை... விட்டுப் போச்சு."

அவள் குரல் இல்லை அது. நூறு தடவை கேட்டாலும் அது அவள் குரல் ஆகாது. ரோலரிலிருந்து பெயின்ட் சொட்டுச் சொட்டாக என் காலில் வடிந்தது. சுவரைப் பார்த்தபடியே நின்றேன். விட்டுப்போன மூலை எனக்கும் தெரிந்தது.

"எந்த மூலைடி?" என்றேன். "சரியாச் சொல்லு. டப்பாக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு, ஒரு எழவும் வெளங்கல."

சத்தமே இல்லை. பயந்துபோய்த் திரும்பினேன். கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, தோள் இரண்டும் குலுங்கியது, கண்ணில் தண்ணீர். அவள் இப்போது சிரிப்பது இப்படித்தான் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

துடைத்துக்கொண்டு, மிஷினைக் கழுத்தில் வைத்து, இன்னொரு தடவை சொன்னாள்.