பீரங்கி ஆற்றைக் கடக்குமா?

இன்று காலை கூடத்தைப் பெருக்கியபோது மறுபடியும் செம்மண் வந்தது ஓய். திசையன்விளைப் பக்கமிருந்து சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, மாவு சலிப்பதுபோல் சலித்து, பசை தடவிய பலகைமேல் நீர் உம் கையால் தூவிய அதே மண். எத்தனை தடவை துடைத்தாலும் மேசைக்கு அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வேலைக்கு வருகிற பெண், "இந்த மண்ணு எங்கன இருந்துதான் வருதோ" என்று உம்மைத் திட்டிக்கொண்டேதான் பெருக்குவாள். இன்று அவள் வரவில்லை, நானே பெருக்கினேன். முறத்தில் அள்ளியதைக் கொட்ட மனம் வராமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கொட்டிவிட்டேன். மண்ணை வைத்துக்கொண்டு அழுதேன் என்று தெரிந்தால் நீர் ஒரு வருஷம் அதைச் சொல்லியே சிரிப்பீர்.

பூனாவிலிருந்து மகன் நேற்றுப் பேசினான். நீர் போய்விட்ட செய்தி அவனுக்கும் வருத்தம்தான். ஆனால் பேச்சு சுற்றி அங்கேயே வந்து நின்றது. "எப்பா, இனி அங்கன யாருப்பா இருக்கா? வீட்டக் குடுத்துட்டு இங்க வந்திருங்க. நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடுதேன், யோசிச்சுச் சொல்லுங்க." அவன் அம்மா இறந்த வருஷமும் இதையேதான் கேட்டான். அன்று உடனே "சரி" என்றேன். இன்று பதில் சொல்லுமுன் உம்மிடம் ஒருமுறை பேசிவிட வேண்டும் போல இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று நீர் ஒருவர்தான் பார்த்தீர். சர்வேயராக இருந்து ஜில்லாவில் பாதி நிலத்தை அளந்தவன், சொந்த வீட்டில் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே மட்டும் நடந்துகொண்டிருந்தேன். கூடத்து விளக்கைப் போட்டே பல நாள் ஆகியிருந்தது. பூனா போவதற்கு முன் பல்லையாவது சரிசெய்துகொள்ளலாம் என்று செட் வைத்தேன். அது ஈறைக் கடித்தது. பல் வைத்தியரிடம் போனால், "செட் செஞ்சவரு ஆழ்வார்குறிச்சியில இருக்காரு, நேரே போய்க் காட்டுங்க" என்று கையைக் கழுவிவிட்டார்.

அந்தச் செட் செய்தவர் நீர்தான். உம் பட்டறையில் ஒரு தட்டு நிறையப் பல் செட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்துத் தட்டில், அதே வரிசையில், கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேரும் ஈறு நிறம். செட்டுக்கு ஊற்றுகிற அதே சரக்கில் வார்த்திருந்தீர். நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து, "கும்பெனிப் பட்டாளம் வே. எல்லாம் சிவப்புச் சட்டைக்காரனுவதானே, பாதிச் சாயம் மிச்சம்" என்றீர். பழைய சண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நடந்த நிலத்தை மேசைமேல் அமைத்து, பொம்மைப் படைகளை இரு பக்கமும் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற பெரியவர்கள் நம் ஜில்லாவில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

என் செட்டை அரத்தால் ராவிக்கொண்டே ஊர் விசாரித்தீர், வீடு விசாரித்தீர். "கூடம் எம்புட்டு நீளம் வே?" என்றீர். தொழில் புத்தி, நீளம் அகலம் இரண்டையும் அங்குலம் பிசகாமல் சொன்னேன். செட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "அம்புட்டு இடமும் உமக்கு ஒருத்தருக்குத்தானா?" என்றீர். நான் செட்டை வாயில் பொருத்திக்கொண்டேன். "இங்கன பட்டறையில மேசை போட இடமில்ல. ஞாயித்துக்கிழமை வாறோம்" என்றீர். நான் வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உம் கையால் செய்த பல்லால்தான் இன்றைக்கும் முறுக்குக் கடிக்கிறேன், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. பலகைகள், சாக்குகள், அட்டைப் பெட்டிகளோடு நீர் இறங்கினீர். மேலப்பாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் காதர் பாயும், கூடங்குளத்தில் இன்ஜினியராக இருக்கும் செல்வியும் பின்னாலேயே இறங்கினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் என் கூடத்தில் செம்மண் காடு முளைத்தது. தேங்காய் நார்ப்பொடியில் புதர், ஈர்க்குச்சியில் பனைமரம், சாயமில்லாத பல் சரக்கைக் கண்ணாடி மாதிரி ஊற்றிச் செய்த ஆறு. ஒரு கரையில் பாளையக்காரர் படை, மறுகரையில் கும்பெனிப் படை. நீர் என் தோளில் கையைப் போட்டு, "இவரு சர்வேயரு. இனி அளக்கதெல்லாம் இவருதான்" என்று அறிவித்தீர்.

வீட்டுக்காரர் ஆடக்கூடாது, நடுவராக இருக்க வேண்டும், அவர் அளந்தால் அளந்ததுதான் என்பது உங்கள் கூட்டத்து வழக்கம். எனக்கு அது வசதியாக இருந்தது. யாரோடும் சேராமல் ஒரு டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் அல்லவா? ஆனால் ஆள் வந்தால் காப்பி போட வேண்டும், காப்பி போட்டால் பால் வாங்க வேண்டும், பால் வாங்கப் போனால் தெருவில் நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றைத் தொட்டு ஒன்றாக வெளியே வந்தேன். இருந்தாலும் பூனா முடிவை மாற்றவில்லை. வீட்டை விற்றுத் தரச் சொல்லித் தரகரிடம் பேசியிருந்தேன்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குடும்பத்தை வீடு பார்க்க அழைத்து வருவதாகச் சொன்னார். "இந்த வாரம் ஆட்டம் வேண்டாம் ஓய்" என்று உம்மிடம் சொன்னேன். "அவங்க வாரதுக்குள்ள முடிச்சிருவோம்" என்று விடியற்காலையிலேயே வந்து நின்றீர்.

அன்று காதர் பாய் கும்பெனித் தளபதி. பாய்க்குப் பின்வாங்குவது என்றால் என்னவென்றே தெரியாது. எடுத்த எடுப்பில் பீரங்கியை ஆற்றில் இறக்கினார். செல்வி பாளையக்காரர் பக்கம், விடவில்லை. "பாய், தாமிரபரணி மணல்ல பீரங்கிச் சக்கரம் உருளவே உருளாது." "புஸ்தகத்துல பாதி வேகத்துல போவலாம்னு போட்டிருக்கும்மா." வெளிநாட்டில் யாரோ எழுதிய விதிப் புத்தகத்தை இருவரும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். நடுவர் நான்தான். எனக்கு என்ன தெரியும்? நீர் மெல்லச் சொன்னீர்: "இத எழுதினவன் நம்ம ஆத்தப் பாத்திருக்கானா வே? வாங்க, போய்ப் பாத்திருவோம்."

வீடு பார்க்க ஆள் வருகிறது என்றேன். "நடுவர் கண்ணால பாக்காமத் தீர்ப்புச் சொன்னா அது நியாயமா?" என்று என் சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தீர்.

கடையிலிருந்து பாய் கைவண்டியைக் கொண்டுவந்தார். அதன்மேல் ஆணி மூட்டைகளும் கம்பிக் கட்டுகளும். பீரங்கியின் எடை இவ்வளவு இருக்கும் என்று செல்வி கணக்குப் போட்டு ஏற்றச் சொன்னாள். கொக்கிரகுளத்துப் பக்கம் ஆற்றில் இறக்கினோம். கோடைக்காலம், தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. முதல் கொஞ்ச தூரம் வண்டி ஜம்மென்று போயிற்று. "பாத்தியளா!" என்று பாய் கத்தி முடிப்பதற்குள் சக்கரம் அச்சு வரைக்கும் மணலுக்குள் போய்விட்டது. தள்ளினோம், இழுத்தோம், அசையவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்துதான் விட்டோம், மணல் தெரியவில்லை. பாய் இடுப்பளவு நனைந்து, "யா அல்லா, எல்லாரும் ஒரு கை புடிங்க!" என்று குளிக்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்.

துண்டோடு நின்ற ஒரு பெரியவர் கேட்டார்: "என்ன வே, சினிமா எடுக்கியளா?"

"இல்ல அண்ணாச்சி, சண்டை போடுதோம்" என்றீர் நீர்.

"யாரு கூட?"

"கும்பெனிக்காரன் கூட."

"அவன் போயி எம்புட்டு காலமாச்சு!"

"அவன் போயிட்டான் அண்ணாச்சி, பீரங்கியத்தான் இங்கன விட்டுட்டுப் போயிட்டான்."

நான் சிரித்தேன். சிரித்த வேகத்தில் கால் வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்தும் சிரிப்பு நிற்கவில்லை. மனைவி இறந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கரையில் சட்டைப்பைக்குள் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தரகர்தான். எழுந்து போய் எடுத்திருக்கலாம். அந்தப் பெரியவர் மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குத் தோள் கொடுக்க வந்துவிட்டார், அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? வண்டியை வெளியே எடுத்து வீடு வந்து சேர்ந்தபோது, வந்த குடும்பம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. தரகர் பிறகு என்னிடம் பேசவே இல்லை. நானும் வேறு ஆளைத் தேடவில்லை.

ஈர வேட்டியோடு மேசைக்கு முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னேன்: பீரங்கி தானாக ஆற்றைக் கடக்காது. ஒரு பட்டாளம் முழுக்கத் தன் வேலையை விட்டுவிட்டு வந்து தள்ளினால் கடக்கும். அந்தச் சுற்றில் அந்தப் பட்டாளம் வேறு எதுவும் செய்யக்கூடாது. புத்தகத்தில் இல்லாத அந்த விதிதான் இன்றுவரை நம் மேசையில் செல்லுபடியாகிறது.

வெகுநாள் கழித்து ஒருமுறை நேராகவே கேட்டேன், "வீடு பாக்க வாறாங்கன்னு தெரிஞ்சுதானே கூட்டிட்டுப் போனீரு?" நீர் மறைக்கவில்லை. "தெரிஞ்சுதான். நடுவர் இல்லாம நாங்க எங்கன போயி ஆடுவோம்?" என்றீர். என் நன்மைக்காகச் செய்ததாகவோ, என் துக்கத்தைப் போக்கச் செய்ததாகவோ நீர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுக்கு நான் தேவை என்று மட்டும் சொன்னீர். மகன் என்மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆனால் என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிட்டான். நீர் என்னை வேலைக்குக் கூப்பிட்டீர். அதற்குத்தான் உமக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். நேரில் சொல்லியிருந்தால் ஏதாவது கிண்டல் அடித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பீர்.

நோய் என்று தெரிந்த பிறகும் உமக்கு வாய் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, "பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லுதாரு. பகடையில நாலோ அதுக்கு மேலயோ விழுந்தாப் போதும் வே, எத்தனை தடவை உருட்டியிருக்கோம்" என்றீர். விழவில்லை. நீர் அப்படிச் சொன்னதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "நடுவர் ஒரு பக்கமாச் சாயக்கூடாது" என்றீர். அன்று சாய்ந்தேன் ஓய், முழுக்க உம் பக்கம்தான் சாய்ந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நாங்கள் யாரும் கூடவில்லை. பாய் போன் பண்ணினால் இரண்டு பேரும் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவோம். செல்வி ஒரு ஞாயிறு வந்து, மேசையைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனாள். ஆட்டம் அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். பூனாவைப் பற்றிக்கூட நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் உம் வீட்டம்மா வந்தார்கள். கையில் பெரிய அட்டைப் பெட்டி. பாளையக்காரர் குதிரைப்படை, நீர் வார்க்க ஆரம்பித்துப் பாதியில் நின்றது. ஒப்படைத்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "மேசைமேல வச்சிருங்கம்மா, நான் பத்திரமாப் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"வச்சிட்டுப் போவ வரல்ல அண்ணாச்சி" என்றார்கள். "மிச்சத்த நானே ஊத்தி முடிச்சிட்டேன். இம்புட்டு நாளும் அச்சுல ஊத்துனது யாருன்னு நெனச்சிய? அவுக பேசுவாக, நான் ஊத்துவேன். குதிரை எம்புட்டு தூரம் போவும்னு மட்டும் எனக்குத் தெரியாது. அத நீங்க சொல்லிக் குடுங்க."

பாய்க்கும் செல்விக்கும் உடனே போன் பண்ணினேன். பாய் கடையைப் பூட்டாமலே வந்தார் என்று நினைக்கிறேன். உம் வீட்டம்மா நீர் வழக்கமாக இருக்கும் நாற்காலியில் உட்காரவில்லை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். முதல் சுற்றிலேயே குதிரைகளைப் புதருக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். பாய் வழக்கம்போல் முன்னால் பாய்ந்தார். அப்புறம் நடந்ததைப் பாயே உமக்குச் சொல்லட்டும், அவர் மானம் என் கையில் வேண்டாம். போகும்போது, "அடுத்த வாரம் நான் கொஞ்சம் முன்னாடியே வாறேன் அண்ணாச்சி. வீட்டுல தனியா, அந்த நேரந்தான் ரொம்ப நெடுசாப் போவுது" என்றார்கள். அந்த நேரம் எனக்குத் தெரியும். அதை எப்படிக் கடப்பது என்றும் இப்போது தெரியும்.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே மகன் கூப்பிட்டுவிட்டான்.

"யோசிச்சியளாப்பா?"

"யோசிச்சேன்லே. முடியாது."

"ஏம்ப்பா? அதான் அந்த மாமாவும் இல்லையே. அங்கன உங்களுக்கு யாரு இருக்கா?"

"எனக்கு யாரு இருக்கான்னு கேக்காத. ஞாயித்துக்கிழமை மூணு பேரு இங்கன வாறாங்க. அதுல ஒருத்தரு, அந்த மாமாவோட வீட்டம்மா, தனியா வீட்டுல இருக்க முடியாம முன்னாடியே வாறாங்க. நான் பூனாவுல இருந்தா அவங்களுக்கு யாருலே கதவத் தொறப்பா?"