கூட்டத்தை யார் முடிக்கிறார்கள்

மச்சி,

இன்று காலை கல்முனைச் சந்தையில் நீ தந்த பையின் வார் அறுந்துவிட்டது. மரவள்ளிக் கிழங்கும் தேங்காயும் தரையில் உருண்டன. மாநாடுகளில் உனக்குக் கொடுக்கும் துணிப் பைகளை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கட்டாகக் கொண்டுவந்து எல்லாருக்கும் பங்கு வைப்பாயே, அவற்றில் ஒன்று. உலக நிதி ஒழுங்கைப் பற்றிய பெரிய பெரிய சொற்கள் அச்சிட்ட பைகளில் எங்கள் குறிச்சிப் பெண்கள் இத்தனை வருடமாகக் கீரையும் கருவாடும் வாங்கியிருக்கிறார்கள். கிழங்கைப் பொறுக்கித் தந்த வியாபாரி பையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது அந்த பேங்க்ல இருந்த புள்ள தந்த பேக்தானே?"

"ஓம்" என்றேன். நீ பேங்க்கில் இருந்ததே இல்லை என்று திருத்தவில்லை. நீயே அலுத்துப்போய் விட்டுவிட்ட விஷயம் அது.

என் உம்மாவிடம் நீ பட்ட பாடு நினைவிருக்கிறதா? கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு வந்திருந்தாய். உம்மா உனக்குத் தேத்தண்ணீர் தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மகள், அடகு வெச்ச காப்புக்கு வட்டிய கொஞ்சம் கொறைக்க ஏலாதா?"

"மாமி, நான் பேங்க்ல இல்ல. நாடுகளுக்குக் கடன் குடுக்கிற பேங்க்குகளப் பத்தி ஆராய்ச்சி செய்யிறன். அதுகள் எல்லாத்துக்கும் மேல இரிக்கிறது."

"அப்ப இன்னும் நல்லம். மேல உள்ளவங்கக்கிட்டச் சொல்லிக் கொறை."

நீ தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சிரித்தாய். "என்ட மொத்த ஆராய்ச்சியயும் மாமி ஒரு வசனத்தில சொல்லிட்டா" என்றாய். மேலே உள்ளவர்கள் யார், அவர்களிடம் சொன்னால் கேட்பார்களா, இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் நீ உன் இருபது வருடத்தைக் கொடுத்தாய்.

நான் பட்டப்படிப்போடு நின்று பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்தவள். உன் கட்டுரைகளில் பாதி எனக்கு விளங்காது. ஆனால் அவற்றின் வித்து எங்கே விழுந்தது என்பது எனக்குத் தெரியும், அந்த விதைப்பில் நானும் இருந்தேன். நீ ஐரோப்பாவில் அந்தக் கடன் கொடுக்கும் நிறுவனங்களின் பழைய கூட்டறிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்த காலம். பணக்கார நாட்டுக்கு இத்தனை வாக்கு, ஏழை நாட்டுக்கு இத்தனை வாக்கு என்று எல்லாரும் எழுதுகிறார்கள், ஆனால் வாக்கெடுப்பே நடப்பதாகக் காணவில்லையே என்று உனக்குக் குழப்பம். ஒருநாள் தொலைபேசியில் கேட்டாய்.

"மச்சி, வாப்பாட வெவசாயக் கூட்டத்தில எப்பயாவது கை தூக்கச் சொல்லி எண்ணியிருக்காங்களா? கேட்டுச் சொல்லு."

போகத்துக்கு முன் தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கிற கூட்டத்தைத்தான் கேட்டாய். உன் வாப்பா, என் மாமா, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கைய என்னத்துக்குத் தூக்குற? ஹாஜியார் நபி பேர்ல ஸலவாத்தத் தொடங்கினா எல்லாரும் சேந்து ஓதிட்டு எழும்பி வாறதுதான்."

"அதுக்குப் பொறகு ஒராளுக்குக் கதைக்க இருந்தா?"

"ஸலவாத்துக்குப் பொறகு என்ன கதை? கூட்டம் முடிஞ்சிதானே."

நான் அதை அப்படியே சொன்னேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "இஞ்சயும் அப்பிடித்தான் மச்சி. தலைவர் கூட்டத்தின்ட கருத்து இதுதான் எண்டு ஒரு வசனம் சொல்றாரு. அதோட முடிஞ்சி. யாருக்கு எத்தன வாக்கு எண்டு பாக்கிறத விட, யாரு கூட்டத்த முடிக்கிறாங்க எண்டு பாக்கணும்." உன் முதல் புத்தகம் அந்த வசனத்தில் இருந்து வந்தது. நன்றிப் பக்கத்தில் மாமாவின் பெயர் இருந்ததை அவர் ஊரெல்லாம் காட்டித் திரிந்தார். எதற்காக அந்த நன்றி என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நாட்டில் எரிபொருள் வரிசைகள் ஓய்ந்து கொஞ்சக் காலத்தில், நீ எழுதிய அந்த நிறுவனங்களில் ஒன்றின் குழு எங்கள் பக்கம் வந்தது. பாசன நீருக்குக் கட்டணம் வைப்பது பற்றி மக்களின் கருத்தைக் கேட்கிறார்கள் என்று எங்கள் அலுவலகத்துக்கு அறிவித்தல் வந்தபோது, ஆலோசகர் என்று உன் பெயர் இருந்தது. ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். அடுத்த வருடம் முழுவதும் அவர்களுடைய தலைமையகத்தில் உட்கார்ந்து, கூட்டங்களை நேரில் பார்த்து எழுத அனுமதி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெளியே நின்று காகிதங்களை வாசித்தே வயதாகிவிட்டது, ஒரு முறையாவது அறைக்குள் இருக்க வேண்டும் என்றாய். கல்யாண வீட்டுக்கு அழைப்பு வந்த குமர்ப்பிள்ளையைப் போல முகம் இருந்தது உனக்கு.

அன்று மண்டபத்தில் வரிப்பத்தான்சேனையில் இருந்தும் காரைதீவில் இருந்தும் விவசாயிகள் வந்திருந்தார்கள். ஆண்கள் கதைத்து முடிய நேரம் போய்விட்டது. குத்தகைக்கு வயல் செய்யும் ஹவ்வா ராத்தா பெண்கள் பக்கத்தில் இருந்து கை தூக்கினார். அவர் எழும்புவதற்குள் தலைமை தாங்கிய ஹாஜியார் கடிகாரத்தைப் பார்த்தார். "ளுஹர் தொழுகைக்கு நேரமாகுது. ஸலவாத்தோட முடிச்சிக்குவம்." மண்டபம் முழுவதும் ஒரே குரலாக ஓதியது. இந்துக்களான காரைதீவுக்காரர்களும் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள். எல்லாரும் கைகொடுத்துக் கலைந்தார்கள். வந்த குழுவினரின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ராத்தா தூக்கிய கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு கிழமை கழித்து, அறிக்கையின் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னை அழைத்தாய். கட்டண யோசனையைக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டார்கள் என்று அதில் இருந்தது.

"பொய் எழுதியிருக்காங்களா?" என்றேன்.

"பொய் இல்ல மச்சி. எல்லாரும் ஒண்டா ஒரு வசனம் சொன்னத அவங்க கேட்டாங்க. சம்மதம் எண்டு நெனச்சிட்டாங்க. அது கூட்டம் முடிக்கிற துஆ எண்டு சொன்னன். அதுக்குக் குழுத் தலைவர் கேக்கிறாரு, நீங்களும் சேந்துதானே சொன்னீங்க எண்டு."

"நீ ஓதினயா?"

"ஓதினன். வாய் தன்ட பாட்டில ஓதிட்டு. இருவது வருசம் இதத்தான் எழுதினன், நேர்ல நடக்கக்குள்ள நானும் ஸலவாத்தச் சொல்லிட்டு பேக்கத் தூக்கிட்டு எழும்பிட்டன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், அந்த வசனத்தை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேட்கப்போகிறேன் என்றாய். அப்படிக் கேட்டால் தலைமையகத்து வருடம் என்னாகும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நான் உன் பக்கம் நின்றுதான் சொன்னேன்.

"விடு புள்ள. ஒரு வசனம்தானே. உள்ள போய் இருந்தா நூறு வசனத்த மாத்தலாம்."

"இத விட்டாத்தான் உள்ள இருக்கக் கதிர கிடைக்கும் எண்டா, அதில இருந்துக்கிட்டு நான் என்னத்த எழுதுற? ராத்தாட கை தூக்கினபடி இருந்திச்சி மச்சி. நான் கண்டன்."

நீ எழுதினாய். அவர்கள் பண்பாகவே நடந்துகொண்டார்கள். வசனம் போனது. இரண்டாவது கூட்டம் வைத்தார்கள். ஹவ்வா ராத்தா நின்று, கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் வந்து சேருவதே பாதி நாள்தான், வராத தண்ணீருக்கு யார் காசு கட்டுவது என்று கேட்டார். யோசனை அத்தோடு கிடப்பில் விழுந்தது. சில மாதங்களில் உனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது: இந்த ஆண்டு வருகைதரு ஆய்வாளர்களை ஏற்கும் சூழ்நிலை இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. "ஆதாரம் இல்லாமக் கதைக்கப்படாது" என்பாய். அடுத்த வருடம் கேட்போம், அதற்கடுத்த வருடம் கேட்போம் என்றிருந்தாய். நோய் முந்திக்கொண்டது. உன் கடைசிப் புத்தகம் அறைக்குள் போகும் அத்தியாயம் இல்லாமலே வெளிவந்தது.

உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அதைத்தான் கேட்டேன். கவலையா என்று.

"கவல இல்லாம என்ன? ஆசப்பட்டன்தானே" என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா என்னமாக் கதைச்சா, இல்லயா?" என்றாய். உன் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவை நான் விளக்க முயல்வதில்லை. அல்லாஹ் நீ உறங்கும் கப்றை விசாலமாக்குவானாக.

நீ விட்டுப்போனதில் எனக்கு விளங்கிய பாகம் சிறியது, மச்சி. என் வேலையில் கூட்டறிக்கை எழுதுவது என் பங்கு. முன்பெல்லாம் தலைவர் பேனாவை மூடும்போதே நானும் "தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி முடித்திருப்பேன். இப்போது எழுதுவதில்லை. யாராவது இன்னும் கதைக்க இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வெறுமனே உட்கார்ந்திருப்பேன். அந்த மௌனம் எல்லாருக்கும் கஷ்டம், எனக்கும்தான்.

போன கிழமை வடிகான் வேலை பற்றிய கூட்டம். நான் தீர்மானங்களை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். தலைமை தாங்கிய சேர் பொறுமை இழந்துவிட்டார்.

"என்ன மிஸ், முடிப்பமா?"

"கொஞ்சம் இருங்க சேர். பின்னுக்கு ஒராள் என்னையே பாத்துக்கிட்டு இரிக்கிறா."

எல்லாரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த இளம்பெண் கூச்சத்தோடு எழுந்தாள்.

"ஒண்டுமில்ல மிஸ். ஃபேன் சத்தத்தில நீங்க வாசிச்சது எங்களுக்கு ஒண்டுமே கேக்கல்ல."

பின் இரண்டு வரிசைகளும் ஓம் ஓம் என்று தலையாட்டின. நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு, முதல் தீர்மானத்தில் இருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கினேன்.