ரெண்டு இழுப்பு

கடலூர்
14.8.2008, வியாழன்

அன்புள்ள மச்சான் ஜெயசீலனுக்கு,

எழிலன் எழுதுவது. நீ நலமா என்று பிறகு கேட்கிறேன். உன் செல்போன் பத்து நாளுக்கு மேலாக அணைந்தே கிடக்கிறது, கடலில் இருப்பாய். பஹ்ரைனில் உன் முதலாளி ஆபீசுக்கு எங்கள் சிப்காட் கம்பெனியிலிருந்து இதை ஃபேக்ஸ் அனுப்புகிறேன். நீ கரை ஏறியதும் கொடுப்பதாகச் சொன்னார்கள். நின்றபடியே படி.

உன் அண்ணனுக்குத் தலையில் அடி. பதினோரு நாளாகச் சிதம்பரத்தில் ஐசியுவில் இருக்கிறார். எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதாம். அறுக்க இறங்கியிருக்கிறார். அலை படகைத் தூக்கித் தலைமேல் போட்டுவிட்டது. இடுப்பில் கயிறு கட்டவில்லை. கூடப் போன சின்னதம்பி கயிற்றை எடுத்து நீட்டினானாம். "புடிக்கிற ஆளு இருந்தப்ப கட்டுனேன்டா, உனக்கு என்னா தெரியும்" என்று சிரித்துவிட்டுக் குதித்தாராம். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூச்சு மிஷினில்தான் ஓடுகிறது. கண் திறக்கவில்லை. டாக்டர் தினமும் காதருகே குனிந்து, "பூவரசன், என் கைய அழுத்துங்க" என்கிறார். அழுத்தவில்லை.

அங்கே திலகவதி என்று ஒரு சிஸ்டர். வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என் அக்காவை மூன்றாம் நாளே உள்ளே இழுத்துப் போய்விட்டார். "அழுவுறதுக்கு ஆளு வேணாம்மா, வேலைக்குத்தான் ஆளு வேணும். கையக் கழுவிட்டு வாங்க" என்றாராம். அன்றிலிருந்து காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், உன் அண்ணி இளவரசி அங்கே வேலை பார்க்கிறாள். உதட்டைத் துடைக்கிறாள், விரல்களை மடக்கி நீட்டுகிறாள். பேசவும் வேண்டுமாம். முதல் நாள் "சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்காவோடு நானும் போனேன். எனக்குக் கம்பெனியில் பாய்லர் மீட்டர் பார்ப்பதுதானே தொழில்? மானிட்டர் எண்களை நோட்டில் குறித்தேன். நான் பேசினால் நாடித்துடிப்பு அசையவே இல்லை. அக்கா பேசினால் எட்டு, பத்து ஏறுகிறது. உன் பெரியப்பா கோவிந்தசாமி பேசினால் இருபது. பெருமையாக நோட்டை சிஸ்டரிடம் காட்டினேன். "இது உங்க கம்பெனி பாய்லர் இல்ல தம்பி. ஏறுனா நல்லதுன்னு யாரு சொன்னா? மொதல்ல அந்தப் பெரியவர வெளிய நிறுத்துங்க" என்று சிரித்தார்.

இனிதான் விஷயம். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க உன் அண்ணனின் இடது கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அந்தக் கை துணியை இழுத்தது. சும்மா உதறுகிறார் என்றார்கள். நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். உதறல் என்றால் தாறுமாறாக இருக்கும். இது ரெண்டு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ரெண்டு இழுப்பு. அக்கா பயந்து துணியைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள். கை நின்றுவிட்டது. பிறகு மறுபடி ரெண்டு. நேற்று ரெண்டு வேளையும் அப்படித்தான்.

தண்ணீருக்குள் இருப்பவரும் மேலே கயிறு பிடிப்பவரும் இழுத்து இழுத்துச் சேதி சொல்லிக்கொள்ளும் கணக்கோ என்று சின்னதம்பியிடம் ஓடினேன். "ஒவ்வொரு படகுக்கும் ஒரு கணக்குடா. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குள்ள என்னா வச்சிருந்தாங்களோ" என்று கையை விரித்துவிட்டான். டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தற்செயலா இருக்கலாம். சரியான பதில குடுத்துப் பாருங்க. அவரு அதுக்கு வேற மாதிரி செஞ்சார்னா நான் ஒத்துக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்துத் தொடர்வதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று அக்காதான் கையெழுத்துப் போட வேண்டும். உன் பெரியப்பா, "எதுக்கு அவன வதைக்கிறீங்க, வூட்டுக்குத் தூக்கிட்டுப் போவலாம்" என்கிறார். இன்று காலை அக்காவும் அதற்குத் தலையாட்டிவிட்டாள். உன் அண்ணன் அந்த உடம்புக்குள் இன்னும் இருக்கிறாரா இல்லையா, அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே மச்சான், எனக்கு மூன்று விவரம் வேண்டும். தண்ணீருக்கு அடியிலிருந்து அவர் ரெண்டு இழுப்பு இழுத்தால் என்ன அர்த்தம்? மேலேயிருந்து நீ என்ன பதில் கொடுப்பாய்? அதற்கு அவர் என்ன செய்வார்? ஆறு வருஷம் மறுமுனையைப் பிடித்தவன் நீ ஒருத்தன்தான்.

உன்னை வரச் சொல்லி எழுதச் சொன்னாள் அக்கா. சனிக்கிழமைக்குள் உன்னால் வர முடியாது, அதனால் அதை எழுதவில்லை. போன் பண்ணு, போதும். அங்கே விடியற்காலையாக இருந்தாலும் பண்ணு. ரெண்டு இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே ஒரு ஊகம் இருக்கிறது. கடலில் இறங்காதவனுக்கும் வருகிற ஊகம்தான். ஆனால் என் ஊகத்தை நம்பி அக்காவைக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன். நீ சொல்லு மச்சான். சீக்கிரம் சொல்லு.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
எழிலன்