கவிழ்த்து வைத்த சட்டி

என் சிட்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்கள், உன் இருமல் கொஞ்சமாவது குறைந்திருக்கிறது என்ற நினைப்பில் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் இன்றைக்குச் சுகம். அந்த இன்றைக்கு என்கிற சொல்லை ஏன் போட்டேன் என்பது கடைசி வரை படித்தால் உனக்கே தெரியும், அவசரப்பட்டு நடுவில் போனை எடுக்காதே.

வாரம் தவறாமல் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன அம்மாவுக்குப் புதிதாகக் கடிதம் எழுதும் ஆசை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிப்பாய். வீட்டில் இருக்கிற ஒரே போன் உன் அப்பா சட்டைப்பையில் இருக்கிறது. நான் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு அவர் கதையை எப்படிச் சொல்ல? போன தடவை நீ, அப்பா குரல் ஏன் இப்படி இழுக்கிறது, தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி இருக்கிறாரே என்று கேட்டாய். வயசாகுதில்ல என்று சொல்லி மழுப்பிவிட்டேன். உன்னிடம் பொய் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் மருந்துக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆள் வராத நேரமாகப் பார்த்து இதை எழுதுகிறேன்.

தான்றிப் பொடி கேட்டாய் அல்லவா, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்டுப் பின்னால் நிற்கிற நம் தான்றி மரம் இந்த வருடம் காய்த்திருப்பதைப் பார்த்தால் உனக்கே பயமாக இருக்கும். உன் அத்தை இருந்தவரை அது இப்படிக் காய்த்து நான் பார்த்ததில்லை. அவள் போனபிறகு வந்த முதல் காய்ப்பு இது. உதிர்ந்து உதிர்ந்து தரையே தெரியவில்லை. இதில் எது மருந்து, எது ஆகாது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நம் வீட்டில் பால் குடிக்கும் வயதிலேயே தெரிந்துகொள்கிற விஷயம். தோலைக் காயவைத்துப் பொடித்துத் தேனில் குழைத்தால் இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும். கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்த்தால் திரிபலா, வயிற்றுக்கு அது மாதிரி இல்லை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித்தானே இந்தக் கடையை வளர்த்தார். ஆனால் எல்லாம் தோல் வரைக்கும்தான். கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பு போதை. தின்றால் ஆளைச் சாய்த்துவிடும்.

அதனால்தான் அத்தை அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. சலவைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு, டொக் என்று ஒரு தட்டு, தோல் தனியாக வந்துவிடும். தோலை முறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் வட்டமாகப் பரப்புவாள். கொட்டையை எல்லாம் குவித்து அதன்மேல் மண்சட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு, வேலை முடிந்ததும் குழி தோண்டிப் புதைப்பாள். குழந்தை இருக்கிற வீடு என்பாள். நீ கல்யாணமாகிப் போனபிறகும் அதையேதான் சொன்னாள். சின்ன வயதில் நீ ஒரு தடவை அந்தப் பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா? விரலை விட்டுத் தோண்டி எடுத்துவிட்டுக் கன்னத்தில் ஒரு அறை விட்டாளே, உன் வலது கன்னத்தில் நாலு விரலும் பதிந்துவிட்டது. அடித்துவிட்டு உன்னைவிட அதிகமாக அழுதவளும் அவள்தான். அதற்கு முன்னும் பின்னும் அவள் யாரையும் கைநீட்டி அடித்து நான் பார்த்ததில்லை.

காய் சரியாகக் காய்ந்ததா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி உண்டு. ஒரு கொட்டையை உடைத்து, பருப்பை முன்பல்லில் வைத்துக் கடிப்பாள். படக்கென்று உடைந்தால் பதம். உடனே துப்பிவிட்டு வாயை மூன்று நான்கு தடவை கொப்பளித்துவிடுவாள். இந்த வருடம் அந்த வேலை அப்பா தலையில் விழுந்தது. நான் கடையைப் பார்த்துக்கொண்டு, பொட்டலமும் மடித்துக்கொண்டு, எத்தனைதான் செய்வேன்? சரி, வைத்தியர், அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். அவரும் பதம் பார்க்க ஒரு பருப்பைக் கடித்தார். கடித்தவர் துப்பவில்லை. மறந்தாரா, மனசு வரவில்லையா, அது அவருக்கே வெளிச்சம்.

அது எனக்கு அப்போது தெரியாது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்னால் போவார், ரொம்ப நேரம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக, கால் பின்னப் பின்ன வருவார். சாயந்திரம் மருந்து வாங்க வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஒரு நாள் என்னிடம் வந்து, ரொம்ப சாதாரணமாக, “அக்கா உன்னைக் கேட்டா, கை வலி எப்படி இருக்குன்னு” என்றார். அவருக்கு இருந்ததே ஒரே அக்கா, உன் அத்தைதான். எந்த அக்கா என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். கிளினிக் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன், சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, தனிமை, வயது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இனிமேல் எழுதப்போவதை நீ நம்ப வேண்டும் சிட்டு, உன் அம்மா கதை கட்டுகிறவள் இல்லை. ஒரு மதியம் நான் கடையில் இருக்கும்போது பின்னாலிருந்து டொக், டொக் என்று சத்தம் கேட்டது. அப்பா காய் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, இந்த வெயிலில் என்ன வேலை என்று திட்டிக்கொண்டே உள்ளே போனால், அவர் கூடத்தில் வாய் பிளந்து தூங்குகிறார். சத்தம் நிற்கவில்லை. நான் பின்கதவைத் தொட்டதும் நின்றுவிட்டது. வெளியே ஒரு ஈ காக்கை இல்லை. முறத்தில் தோல் வட்டமாகப் பரப்பியிருக்கிறது. மண்சட்டி கவிழ்ந்திருக்கிறது. நிழலில் கிடந்த கல்லை எடுத்துப் பார்த்தேன், கையில் வைத்திருந்த சூடு அதில் இருந்தது. அந்தக் கல் சலவைக் கல்லுக்கு இடது பக்கம் கிடந்தது. அப்பா வலது கைக்காரர். அவர் தட்டின நாட்களில் கல் வலது பக்கம்தான் கிடக்கும், தோலும் நொறுங்கிக் குப்பையாக இருக்கும். அதற்கப்புறம் தினமும் பார்க்க ஆரம்பித்தேன். சில நாள் வலது பக்கம், குப்பை. சில நாள் இடது பக்கம், வட்டம்.

பிறகு ஒரு நாள் அப்பாவைக் கையும் களவுமாகப் பிடித்தேன். மரத்தடியில் உட்கார்ந்து கடலை கொறிப்பது மாதிரி பருப்பைக் கொறித்துக்கொண்டிருந்தார். கையைத் தட்டிவிட்டேன், கத்தினேன், ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்கிற மனுஷன் செய்கிற வேலையா இது என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “ஒண்ணு தின்னா குரல் கேக்குது. ரெண்டு தின்னா பக்கத்துல வந்து உக்கார்றா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல” என்றார். அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ரெண்டு போதாமல் மூன்றாகும், மூன்று போதாமல் கைநிறைய ஆகும், ஒரு நாள் அவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அக்கா அவரை அழைத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளை மனதார வைதேன் சிட்டு, உன்னை வளர்த்தவளை.

மரம் இருந்தால்தானே காய், வெட்டிவிடலாம் என்று முடிவு பண்ணி மரம் அறுப்பவரை வரச்சொன்னேன். அவர் பின்னால் போய்க் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார், அண்ணாந்து பார்த்தார், திரும்பி உள்ளே வந்து என்னிடம் மெல்ல, “அங்க உக்காந்திருக்காங்களே பெரியம்மா, அவங்கதான் சொத்துக்காரங்களா? வெட்டப் போனா முறைக்கிறாங்க” என்றார். பின்னால் யாரும் இல்லையே என்றேன். அவர் போய் எட்டிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். அவர் கயிறு இன்னும் இங்கேதான் கிடக்கிறது, சொல்லி அனுப்பியும் வந்து எடுக்கவில்லை.

நான் பயந்தது மறுநாளே நடந்தது. மதியம் அப்பாவை எழுப்பப் போனால் அசைவில்லை. தண்ணீர் தெளித்தேன், உலுக்கினேன், கண்ணைத் திறந்து பார்த்தால் என்னைத் தாண்டி எதையோ பார்க்கிறது. பக்கத்து வீட்டு டிரைவர்தான் அவரைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நல்ல நேரம், பிழைத்தார். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே. அத்தனை தூரத்தில் உன்னைப் பதற வைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அவர் அங்கே படுத்திருக்க, மாற்றுத் துணி எடுக்க நான் ஒருத்தி வீட்டுக்கு வந்தேன். பூட்டின வீடு. பின்கதவைத் திறந்தால் தரையில் ஒரு காய் இல்லை. அத்தனையும் தட்டி, தோல் முறம் முறமாக வட்டம் போட்டிருக்கிறது. சட்டி கவிழ்ந்திருக்கிறது. அதைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. மரத்தடியில் புதிதாக மண் கிளறி மூடின இடம் ஈரமாக இருந்தது. ஒரு பருப்பு, தேடினால்கூட ஒரு பருப்பு அவருக்குக் கிடைக்காது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தை இருக்கிற வீடு என்பாளே, தம்பியைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்னால்தான் போனார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன், தரை சுத்தமாக இருக்கிறது, என்ன செய்துவிடுவார் என்ற தைரியம். எமகாதகர், சட்டை மடிப்பில் ஒன்றை ஒளித்து வைத்திருந்திருக்கிறார். எடுத்தார், வாயில் போட்டார். பளார் என்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகக் கேட்டது, கையிலிருந்த பாத்திரம் நழுவிவிட்டது. அவர் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. பருப்பு முழுசாக மண்ணில் கிடந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து, “ஏன்டி அடிச்ச?” என்று கேட்டார். நான் சோப்புக் கையோடு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அதை அவரும் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்தார். வலது கன்னம், நாலு விரல். அப்படியே தரையில் உட்கார்ந்து, போன வருடம் அழ வேண்டியதை எல்லாம் சேர்த்து அழுதார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கப்புறம் அவர் அதைத் தொடவில்லை. குரல் தெளிந்து வருகிறது, அடுத்த முறை பேசும்போது நீயே பார். அக்கா பேசுவதில்லை, கோவிச்சுக்கிட்டா என்று மட்டும் சில நேரம் சொல்லுவார். மதியத்தில் சத்தம் இன்னும் கேட்கிறது. முன்பு போல நான் கதவைத் திறந்து பார்ப்பதில்லை, வேலை கெடும் என்று விட்டுவிடுகிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், பின்கதவைத் தாண்டும்போது முதுகு சில்லிடத்தான் செய்கிறது. ஆனால் மரத்தை வெட்டுகிற பேச்சு இனி இல்லை.

இத்துடன் உனக்குப் பொடி அனுப்புகிறேன். நான் தட்டின தோல் இல்லை, நான் அரைத்தேன், அவ்வளவுதான். அனுப்பலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். அவள் கை பட்டதில் ஒரு துணுக்குப் பருப்பு இருக்காது, இதைவிடச் சுத்தமாக உலகத்தில் யார் உனக்குச் செய்து தருவார்கள் என்று மனசு தேறி அனுப்புகிறேன். ஒரு சிட்டிகை எடுத்துத் தேனில் குழைத்துக் காலையில் சாப்பிடு. அதற்கும் இருமல் நிற்கவில்லை என்றால் அங்கே ஒரு டாக்டரைப் பார், வைத்தியர் மகள் என்று வீராப்புப் பேசாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீங்கள் ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பொடியைத் துணிப்பையில் போட்டு மேசைமேல் திறந்து வைத்துவிட்டு, அளவு எழுதின சீட்டை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் பை கட்டியிருக்கிறது. சீட்டை உள்ளே வைக்கலாம் என்று நானும் அப்பாவும் மாறி மாறிப் பார்த்துவிட்டோம், முடிச்சு அவிழவில்லை, எல்லாம் இடது பக்கமாகச் சுற்றியிருக்கிறது. அதனால்தான் அளவைக் கடிதத்திலேயே எழுதினேன். கத்தரிக்கோல் போடாதே. சின்ன வயதில் அவள் கட்டினதை நீ ஒருத்திதானே அவிழ்ப்பாய்.