போட்டோவும் ஸ்பெயின் ராஜாவும்

சித்திரை 12, புதன். வலியசாலை.

இன்று என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜாதகத்தோடு அனுப்பியிருந்த போட்டோவில் என் நீளத் தாடையை ஸ்டூடியோக்காரர் பென்சிலால் குறைத்திருந்தார். அதனால் தலையைத் தூக்கவே கூடாதென்று அம்மாவின் உத்தரவு. என்ன அடக்கம் என்று பிள்ளையின் தாயார் மெச்சினார்.

கைவேலை ஏதாவது உண்டா என்றார்கள். காலேஜ் புத்தகத்தைப் பார்த்து நான் வரைந்த பழைய ஸ்பெயின் ராஜாவை அம்மா பெருமையாக நீட்டினாள்.

"நிஜமாவே இவ்வளவு நீளத் தாடையா?" என்றார் பிள்ளை.

"ஆமாம். அரண்மனைச் சித்திரக்காரர் ஒரு நூல்கூடக் குறைக்கலை."

நிமிர்ந்துதான் சொன்னேன். அவர் பையிலிருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நம்ம ஊர்க்காரர்தான் குறைச்சுட்டாராக்கும்."

கிளம்பும்போது போட்டோவைத் திருப்பித் தந்துவிட்டு, "இது எனக்கு வேணும்" என்று ராஜாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

போட்டோ திரும்பினால் வேண்டாம் என்றுதானே அர்த்தம் என்று அம்மா அடுக்களையில் அழுதுகொண்டிருக்கிறாள். ராஜாவே, தாடையை மறைக்காமல் உட்கார்ந்தீரே, உமக்கும் உம்மை வரைந்தவருக்கும் கோடி நமஸ்காரம். பேனாவை வைத்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்: ஜாதகம் திரும்பி வரவில்லை.